அறுந்த நரம்பும் திருமணியின் கைகளும்

(மாமல்லபுரத்தில் சிற்பத் தொழிலாளர்கள், மீனவர்கள், மாணவர்கள் கூடிய அவையில் கை அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கையில் வெட்டுப்பட்டு வருகிறவரிடம், ரத்தம் கட்டுக்குள் வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் அவருடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது. "இது தெரியுதா? அந்தக் கையில தெரியிற மாதிரியே தெரியுதா?" என்று கேட்பேன். மரக்க ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை இது. இதைச் செய்யாமல் விட்டதால் கையின் பாதி உயிரை இழந்தவர்களை இந்தக் கடற்கரையிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் முன்னால் இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வந்தார். கட்டிங் மெஷின் துள்ளி இடது மணிக்கட்டின் உட்புறத்தில் இறங்கியிருந்தது. எங்கோ ஓரிடத்தில் தையல் போட்டார்கள், பத்து நாளில் பிரித்தார்கள். தழும்பு அழகாக ஆறியிருந்தது. நாலு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது அவருடைய ஆள்காட்டி விரலில் கொப்புளம். டீ கிளாஸ் சுட்டிருக்கிறது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றித் தட்டையாகிவிட்டது. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் கொண்டுவர முடியவில்லை. உளியைப் பிடித்தால் நழுவுகிறது. "காயம்தான் ஆறிடுச்சே சார், அப்புறம் ஏன் இப்படி?" என்றார். ஆறியது தோல். உள்ளே மீடியன் என்கிற நரம்பு இரண்டாக அறுந்து, அறுந்தபடியே கிடந்தது.

நரம்பு என்று நான் சொல்வது புறங்கையில் பச்சையாகப் புடைத்து ஓடும் ரத்தக்குழாயை அல்ல; விரலை இழுத்து மடக்கும் தசைநாணையும் அல்ல. தொட்டால் தெரிவதும், நினைத்தால் அசைவதும் எதன் வழியாக நடக்கிறதோ, அதைச் சொல்கிறேன். மணிக்கட்டில் மீடியன் நரம்பு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதற்குள் கட்டுக்கட்டாக ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு உயிரணுவின் நீட்சி. அந்த உயிரணு இருப்பது கழுத்தருகே, தண்டுவடத்திலோ அதன் ஓரத்திலோ. அங்கிருந்து விரல் நுனி வரை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம் ஒரே இழையாக வருகிறது.

அதை வெட்டினால் என்ன ஆகும்? 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டி, நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்து போவதைக் கண்டார். உயிரணுவோடு தொடர்பு அறுந்த பகுதி பிழைக்காது. ஆனால் இழை அழிந்தாலும் அது ஓடிய மெல்லிய குழாய் மிஞ்சுகிறது. உயிரணு பக்கத்து முனையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பி, அந்தக் காலிக் குழாயைத் தேடிப் பிடித்து அதற்குள் இறங்குகின்றன. நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்த வேகத்தைக் கூட்ட இன்னும் வழி கிடைக்கவில்லை. நாங்கள் செய்யக்கூடியது இரண்டு முனைகளையும் சரியாக எதிரெதிரே வைத்துத் தைப்பது ஒன்றுதான். வளர்வது நரம்பின் வேலை. முனைகள் சேராவிட்டாலும் தளிர் கிளம்பத்தான் செய்யும்; போக இடம் தெரியாமல் சுருண்டு, தழும்புக்குள் ஒரு முடிச்சாகும். தழும்பில் லேசாகத் தட்டினால் விரல் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வது அதனால்தான்.

அந்த அறுவையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கேட்டால் பயம் குறையும்.

மேற்கையில் காற்றுப் பட்டை கட்டி ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவிடுவோம். ரத்தம் கசிந்தால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அறுந்த முனைகள் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். தேடி எடுக்க வேண்டும். நசுங்கிய முனையைப் புது பிளேடால் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே வருவோம். கலங்கிய சதை போய், உள்ளிருக்கும் இழைக்கட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும் இடம் வந்தால் நல்ல நரம்பு வந்துவிட்டது என்று பொருள். இனி முனைகளைத் திருகாமல் பொருத்த வேண்டும். ஒரு நரம்புக்குள் உணர்வுக்கான கட்டு வேறு, தசைக்கான கட்டு வேறு. திருகிப் பொருத்தினால் கட்டைவிரல் தசைக்குப் போக வேண்டிய இழை தோலுக்குப் போய்ச் சேரும், இரண்டும் வீண். நரம்பின் வெளியுறையில் மயிரிழைபோல ஒரு ரத்தக்குழாய் நீளவாக்கில் ஓடும். இரண்டு முனையிலும் அந்தக் கோடு நேருக்கு நேர் வந்தால் பொருத்தம் சரி. பிறகு தையல். நூலை நாங்கள் 9-0 என்போம். நைலான்தான், உங்கள் வலையில் இருக்கும் அதே இனம். கனம் மட்டும் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. இழையை இழையோடு யாரும் தைப்பதில்லை, தைக்கவும் முடியாது. வெளியுறையில் மட்டும் சில தையல்கள். குறைவாகப் போட்டால்தான் தழும்பு குறையும்.

முனைகளை வலிந்து இழுத்துச் சேர்க்கக் கூடாது என்பது முக்கியம். இழுவிசையில் தைத்த நரம்பு உள்ளே தழும்பேறி அடைத்துக்கொள்ளும். வியன்னாவைச் சேர்ந்த ஹான்னோ மில்லெசி 1970களில் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். இடைவெளி இருந்தால் இழுக்காதே, பாலம் போடு என்றார். பாலத்துக்கு வேண்டிய நரம்பைக் கெண்டைக்காலின் பின்பக்கம் ஓடும் சூரல் நரம்பிலிருந்து எடுக்கிறோம். ஒரு காலிலேயே முப்பது சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். அதற்கு விலையாகப் பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு பகுதி மரத்துப்போகும். நடையில் குறை வராது. சிறிய இடைவெளிக்குச் செயற்கைக் குழாய்களும் வந்துவிட்டன. நீண்ட இடைவெளிக்கு, அதிலும் தசைக்குப் போகும் நரம்புக்கு, சொந்த நரம்பையே நான் நம்புகிறேன்.

உளி நழுவினாலோ, மீன் வெட்டும் கத்தி பட்டாலோ, கண்ணாடி குத்தினாலோ வெட்டு நேராக இருக்கும். அன்றைக்கோ அடுத்த சில நாள்களிலோ நேராகத் தைத்துவிடலாம். கிரைண்டர் அப்படியல்ல. அது கிழிக்கிறது, சூட்டில் பொசுக்குகிறது, கல்துகளை உள்ளே அடிக்கிறது. எவ்வளவு நீளம் கெட்டிருக்கிறது என்பது முதல் நாளில் தெரியாது. அதனால் காயத்தைக் கழுவி, முனைகளை அடையாளம் வைத்து, மூன்று வாரம் போல் பொறுத்துப் பாலம் போடுவதும் உண்டு. மருத்துவர் "இன்னொரு தரம் வரணும்" என்றால் அலைக்கழிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் மேட்டுச் சதை எட்டு, பத்து சென்டிமீட்டர். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் மூன்று, நான்கு மாதம். விரல் நுனிக்கு ஆறு மாதத்துக்கும் மேல். அதே நேரத்தில் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நரம்பில்லாத தசை ஓராண்டு, மிஞ்சிப்போனால் ஒன்றரை ஆண்டு காத்திருக்கும். அதன் பிறகு நரம்பே வந்து சேர்ந்தாலும் எழுந்திருக்காது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டவர் நாலு மாதம் தாமதித்தாலும் ஓரளவு மீட்கலாம். முழங்கைக்கு மேல் அல்னார் என்கிற இன்னொரு நரம்பு அறுந்தவருக்கு உள்ளங்கைத் தசை முப்பது சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அவர் முதல் வாரத்தில் வந்தாலே பந்தயம் இறுக்கமானது. தோல் உணர்வு அவ்வளவு கறார் இல்லை. தாமதமாக வந்தாலும் கொஞ்சம் திரும்பும்.

நரம்பு திரும்பவே வழியில்லை என்றால்? இந்தக் கேள்விக்கு உலகத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில்களில் ஒன்று, இங்கிருந்து மேற்கே போனால் செங்கல்பட்டுப் பக்கம் திருமணி என்ற ஊரில் தொடங்கியது. மாவட்டத்துக்காரர்களே பலர் இதை அறியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை வந்தது. 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்கு முன்பு அங்கே தலைமை வகித்தவர் ராபர்ட் காக்ரேன். 1947இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அழைத்துவந்து நோயாளிகளைக் காட்டினார். பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். படிப்புக்காக இங்கிலாந்து போய்த் திரும்பியவர். எலும்பு அறுவையில் பயிற்சி பெற்றவர். தொழுநோய் அவருடைய துறையே அல்ல.

திருமணியில் அவர் பார்த்தது கைகள். விரல்கள் நகம்போல உள்ளே வளைந்து, நுனிகள் புண்ணாகி, குறைந்து போன கைகள். இவ்வளவு பேருக்குக் கை இப்படியிருக்க, எலும்பு மருத்துவர்கள் யாரும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பார்க்க யாரும் வந்ததில்லை. ஒருவருடைய வளைந்த கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சக்தியற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் உயிர் போயிற்று. விரல் நகங்கள் சதையில் பதிந்தன. விடச் சொல்லி நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு விஷயம் பிடிபட்டது. இந்தக் கை செத்த கை அல்ல. சில தசைகள் முற்றிலும் செயலிழந்திருக்கின்றன. பக்கத்திலேயே சில தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன. அப்படியானால் வலுவுள்ளதில் ஒன்றைக் கடன் வாங்கலாமே.

பிறகு இறந்துபோன ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்தார்கள். ஓர் ஒழுங்கு தெரிந்தது. நரம்பு தோலுக்கு அருகில், குளிர்ச்சியான இடங்களில் ஓடும்போதுதான் வீங்கிக் கெட்டிருந்தது: முழங்கைக்கு அருகில் அல்னார், மணிக்கட்டுக்கு அருகில் மீடியன். ஆழத்தில், சூட்டில் ஓடும் பகுதி தப்பியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். ஆகவே முன்கையின் பெரிய தசைகள் பல எந்த நோயாளியிடமும் கெடாமல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அறுவைக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை.

1948 முதல் வேலூரில் அறுவைகள் தொடங்கின. ஒரு விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, உள்ளங்கை வழியாக விரல்களின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்தால், செத்துப்போன சிறு தசைகளின் வேலையை அது செய்யும். வளைந்த விரல் நிமிரும். அதற்குப் பிறகு நோயாளி புதிதாகப் பழக வேண்டும். மடக்குவதற்கு இருந்த தசை இப்போது நிமிர்த்துகிறது, மூளை அதைக் கற்க வாரங்கள் ஆகும். தொழுநோயாளியின் சதை ஆறாது, தைத்தால் பிரிந்துவிடும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். ஆறியது. மற்றவர்கள் கை எப்படி ஆறுகிறதோ அப்படியே ஆறியது. விரல்கள் குறைவதற்குக் காரணம் சதை அழுகுவது அல்ல, வலி தெரியாமல் சுட்டுக்கொள்வதும் குத்திக்கொள்வதும்தான் என்று பிராண்ட் நிறுவினார். டீ கிளாஸில் சுட்டுக்கொண்ட நம் இளைஞருக்கு நேர்ந்தது அதுவேதான்.

இன்னொன்றையும் அவர் எழுதியிருக்கிறார், எனக்கு அது மறக்காது. கை சரியான சிலர் திரும்பிவந்து முறையிட்டார்கள். வளைந்த கையைக் கண்டால்தான் பிச்சை விழும். நிமிர்ந்த கைக்கு யாரும் போடுவதில்லை, வேலை தரவும் ஆளில்லை. அதனால்தான் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற ஒரு குடியிருப்பை அமைத்துத் தச்சு, பொம்மை செய்தல் கற்றுக்கொடுத்தார்கள். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை திறந்தது. தசைநாண் மாற்றும் முறைகளில் ஒன்று இன்றும் உலகெங்கும் கை அறுவை நூல்களில் பிராண்ட் பெயரால் வழங்குகிறது. அறுந்து மீளாத நரம்புக்கும், பிந்தி வந்த நம் இளைஞருக்கும் அந்தக் கடன் கணக்குதான். அவருக்கு நரம்பில் பாலம் போட்டோம். அதோடு மோதிர விரலின் ஒரு தசைநாணைத் திருப்பிக் கட்டைவிரலுக்குக் கொடுத்தோம். அது சில வாரங்களிலேயே வேலை செய்யத் தொடங்கியது. உணர்வு பின்னால் மெல்ல வந்தது.

இடையில் ஒரு வார்த்தை. தொழுநோய் நம் நாட்டில் முற்றிலும் போய்விடவில்லை. உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம். நரம்பு கெடத் தொடங்கிய புதிதில் மாத்திரையிலேயே பல நேரம் மீட்டுவிடலாம், கத்தி வேண்டியதில்லை.

கடன் வாங்கும் அந்த யோசனை இப்போது நரம்புக்கே வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் விழுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோள் தரையில் மோதித் தலை எதிர்ப்பக்கம் ஒடியும்போது, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் இழுபட்டு, சில நேரம் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொள்கிறது. கை முழுதும் தொங்கிவிடும். வேர் பிடுங்கியதைத் தைக்க இடமே இல்லை. 1994இல் பிரான்ஸின் கிறிஸ்டோஃப் ஓபெர்லின் ஒரு வழி சொன்னார். அல்னார் நரம்பு உயிரோடு இருந்தால் அதில் ஒரே ஒரு இழைக்கட்டைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு தசைக்கு மிக அருகிலேயே தைப்பது. தூரம் சில சென்டிமீட்டர்தான்; தசை காத்திருக்கும் காலத்துக்குள் நரம்பு போய்ச் சேர்ந்துவிடும். கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை எடுத்துவந்து இணைக்கிறோம். அப்படிச் செய்துகொண்டவர் முதலில் மூச்சை ஆழமாக இழுத்தால்தான் முழங்கை மடங்கும். பழகப் பழக மூச்சு வேறு, கை வேறு என்று மூளை பிரித்துக்கொள்ளும். இந்த அறுவைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் நல்ல காலம். எலும்பு கூடிவிட்டது, கை தானாக வரும் என்று ஒரு வருடம் தைலம் தேய்த்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்றும் தெரிவதில்லை.

எங்கே போவது என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்கு நரம்புப் பின்னல் அறுவை கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்தார். வடசென்னை ஆலைகளில் விரல் நசுங்கி வந்த தொழிலாளர்களுக்காக வளர்ந்த துறை அது. விரல் நுனி சாய்வாக அறுந்தால், பக்கத்துத் தோலை அதன் நரம்போடும் ரத்தக்குழாயோடும் நகர்த்தி மூடும் ஒரு முறையை அவர் 1980இல் வெளியிட்டார். மூடிய நுனியில் உணர்வு இருக்கும். 2018இல் அதே ஸ்டான்லியில் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு இன்னொருவரின் கைகளைப் பொருத்தினார்கள். அந்தக் கைகளுக்குள்ளும் நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நடந்திருக்கும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. 2021இல் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைத்தார்கள்.

பட்டறையில் வெட்டுப்பட்டால் செய்ய வேண்டியது: சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. குழந்தைக்குக் கண்ணாடி குத்தியிருந்தால் அது "தெரியுது, தெரியல" என்று சொல்லாது. ஆறின பிறகு சந்தேகம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் கையை வையுங்கள். நரம்பு போன விரல் சுருங்காது, மற்ற விரல்கள் சுருங்கும். வியர்வையும் வராது, பேனாவை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

தைத்த பிறகு மூன்று வாரம் கட்டு. அதன்பின் பயிற்சி. உணர்வு வரத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அரிசி, மணல், நாணயம், துணி என்று தொட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இழைகள் பழைய இடத்துக்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மூளைதான் புது வழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் கூலி கிடையாது. அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் பயிற்சிக்கு வர பஸ் செலவு, வீட்டுச் செலவு எல்லாம் தொழிலாளியின் தலையில். பாதியில் நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் நிற்கிறார்கள். பட்டறை முதலாளிகள் இங்கே இருக்கிறார்கள். அடிபட்டவருக்கு அந்த மாதங்களில் கணக்கெழுதுவது, கல்லில் கோடு போடுவது போன்ற வேலை கொடுத்துக் கூலி கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதை நான் உரிமையோடு கேட்கிறேன்.

கூட்டம் தொடங்குமுன் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தைச்ச கையால முகம் செதுக்க முடியுமா டாக்டர்?" சிறுவர்களுக்கு உணர்வு ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும். பெரியவர்களுக்கு முழுதாக வராது. நல்ல விரல் நுனி ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டென்று சொல்லும். தைத்த நரம்பு பல நேரம் அதன் இரண்டு மடங்கு தூரம் கேட்கும். குளிர் காலத்தில் வலிக்கும். ஆனால் சூடு தெரியும், குத்தினால் தெரியும், உளி கையில் இருக்கிறதா நழுவுகிறதா என்பது தெரியும். உளி பிடிக்கும் கை வெட்டுப்பட்டவர்கள் முதலில் பீடமும் தூணும் செதுக்கட்டும். முகத்துக்கு ஓராண்டாவது ஆகட்டும். அதற்கு முன் உங்கள் ஆசாரி அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லுங்கள், நானே வந்து பேசுகிறேன்.

இனி நீங்கள் கேளுங்கள். கையைக் காட்ட வேண்டியவர்கள் மேடைக்கு இந்தப் பக்கம் வரலாம்.